கையிருப்பு இல்லாத உறுப்பு

மனித இதயத்தின் எடை சுமார் 300 கிராம். அது ஒரு நாளில் செலவழிக்கும் ஏடிபி என்ற எரிபொருளின் எடை சுமார் 6 கிலோ. தன் எடையைப்போல இருபது மடங்கு. ஆனால் எந்த நொடியில் சோதித்தாலும் அதன் கைவசம் இருக்கும் ஏடிபி ஒரு கிராம்கூடத் தேறாது. கணக்கு எளிது: 6,000 கிராமை 86,400 நொடிகளால் வகுத்தால் நொடிக்கு 0.07 கிராம். கையில் இருப்பது பத்துப் பன்னிரண்டு நொடிக்கு வரும், அவ்வளவுதான். அப்புறம் அடுத்த துடிப்புக்கு வேண்டியதை அப்போதே சம்பாதித்தாக வேண்டும். இதயம் ஓர் அன்றாடங்காய்ச்சி. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை துடிக்கிற உறுப்புக்கு இப்படியொரு பிழைப்பு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இதய நோயில் பாதி புரிந்துவிடும்.

அந்தக் கூலியை உண்டாக்கித் தருபவை மைட்டோகாண்ட்ரியாக்கள். 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று படம் வரைந்து பாகம் குறித்து ஐந்து மதிப்பெண் வாங்கினோமே, அதே சமாச்சாரம்தான். பாடப்புத்தகப் படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு மூன்று மிதக்கும். இதயத் தசைச் செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் கதையே வேறு. சுருங்கி விரியும் இழைக்கட்டுகள் ஒரு வரிசை, அதை ஒட்டி மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒரு வரிசை, மறுபடி இழைக்கட்டு, மறுபடி மைட்டோகாண்ட்ரியா என்று சந்து விடாமல் அடைந்து கிடக்கும். செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவைதான். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சவ்வு, சேலைக் கொசுவம்போல நெருக்கமாக மடிந்திருக்கும். உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களில் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் போகின்றன. போகிற போக்கில் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கமாகத் தள்ளப்படுகின்றன. தள்ளப்பட்டவை திரும்பி வரும் வழியில் ஒரு சுழலும் நொதி இருக்கிறது. அது சுற்றச் சுற்ற ஏடிபி பிறக்கிறது. எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். வாங்க ஆள் இல்லாவிட்டால் பின்னால் வரிசை முழுவதும் நின்றுவிடும். இதயத்தின் ஏடிபியில் 95 விழுக்காடு இந்த ஒரு வழியில்தான் வருகிறது.

இனி சீயமங்கலத்துக்கு வருவோம். செஞ்சிக்கு வடக்கே, தேசூரை ஒட்டிய ஊர். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த குகைக்கோயிலைப் பார்க்கக் கலை வரலாறு படிப்பவர்கள் வருவார்கள். மற்றபடி நெல்லும் மல்லாட்டையும் விளைகிற, சுற்றிலும் பாறைக்குன்றுகள் நிற்கிற ஊர். இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு விடியற்காலை நான்கு மணிக்கு நெஞ்சை அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வியர்த்துக் கொட்டுகிறது. இடது தோளில் ஒரு இழுப்பு. வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எழுத வேண்டியதே இல்லை. "ராத்திரி தின்னது ஒத்துக்கல, வாயுவா இருக்கும்." ஓமத் தண்ணி, இல்லாவிட்டால் சோடா. அதில் அரை மணி நேரம் போகும்.

அந்த அரை மணி நேரத்தில் உள்ளே நடப்பது என்ன? இதயத் தமனி ஒன்றில் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, வழி அடைபட்டிருக்கிறது. சில நொடிகளில் அந்தப் பகுதியின் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. ஒரு நிமிடம் ஆவதற்குள் அந்தத் தசை சுருங்குவதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. சாகவில்லை, செலவைக் குறைத்துக்கொண்டு கிடக்கிறது. பாஸ்போகிரியாட்டின் என்று ஒரு கைமாற்றுக் கணக்கு உண்டு. அது ஓரிரு நிமிடங்களில் காலி. பிறகு ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை அரைகுறையாக உடைத்துக் கொஞ்சம் ஏடிபி கிடைக்கிறது. கூடவே அமிலம் சேர்கிறது. இதில் வினோதம் ஒன்று உண்டு. ஏடிபி தயாரித்துக்கொண்டிருந்த அந்தச் சுழலும் நொதி, புரோட்டான் வரத்து நின்றதும் பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. இருக்கிற ஏடிபியை உடைத்துப் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. உற்பத்தி செய்த கையே இருப்பைத் தின்கிறது.

இருபதிலிருந்து நாற்பது நிமிடங்களுக்குள் முதல் செல்கள் மீள முடியாத எல்லையைக் கடக்கின்றன. நாய்களில் 1970-களில் ரீமரும் ஜென்னிங்ஸும் செய்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின. சாவு ஒரே நேரத்தில் வருவதில்லை. இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கி ஓர் அலைபோல மணிக்கணக்கில் பரவுகிறது. அதனால்தான் மூன்றாவது மணி நேரத்தில் வந்த நோயாளியிடமும் காப்பாற்ற ஏதோ மிச்சம் இருக்கிறது.

பாஸ்போகிரியாட்டின் என்ற பெயர் மேலே வந்தது. ஏடிபியோடு சேர்த்து அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். பள்ளி இறுதித் தேர்வை மூன்றாம் முயற்சியில் தேறி, மாநிலக் கல்லூரி வழியாக மருத்துவத்துக்கு வந்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் மேலங்கி அணிந்து போனதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குக் கோபம். முழுப் பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு 1922-இல் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் முதலில் செய்தது பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, ஓர் அளவை முறை. இரத்தத்திலும் திசுவிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நீல நிறத்தின் அடர்த்தியை வைத்துச் சொல்லும் முறை. 1925-இல் வெளியானது. உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று செய்முறை நோட்டில் எழுதுகிறார்கள். அதே முறையைத் தசைச் சாற்றில் செய்தபோது நீலம் சட்டென்று வராமல் தயங்கித் தயங்கி அடர்ந்தது. கை சரியில்லை என்று கரைசலைக் கொட்டிவிட்டு அடுத்த குழாயை எடுத்திருக்கலாம். அவர்கள் கொட்டவில்லை. தசைக்குள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று, அமிலத்தில் மெல்ல உடைந்து அதை விட்டுக்கொடுக்கிறது என்று ஊகித்தார்கள். அதுதான் பாஸ்போகிரியாட்டின், 1927. இரண்டு ஆண்டு கழித்து ஏடிபி. அதே 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியே ஏடிபியைக் கண்டார். பெயர் பெரும்பாலும் அவருக்கே போயிற்று.

சுப்பாராவ் பிறகு லெடர்லி நிறுவனத்துக்குப் போனதும், ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்சேட் என்று அவர் குழுவிலிருந்து வரிசையாக வந்ததும் வேறொரு அத்தியாயத்துக்கு உரியவை. யானைக்கால் நோய்க்காக நம் ஊர்களில் வீடு வீடாக வந்து விழுங்க வைத்த டி.இ.சி. மாத்திரைக்கும் மூலம் அங்கேதான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1948 ஆகஸ்டில், 53 வயதில், அவர் மாரடைப்பில் இறந்தார்.

நெஞ்சைப் பிடித்தவரிடம் திரும்புவோம். எப்படியோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், உறைவைக் கரைக்கும் ஊசி போட்டு, அல்லது பலூன் வைத்து, அடைப்பைத் திறந்தாகிவிட்டது. இரத்தம் பாய்கிறது. இனி எல்லாம் சரிதானே என்று தோன்றும். முழுவதும் சரி இல்லை. பசியில் கிடந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குத் திடீரென்று வரும் ஆக்சிஜனே ஓர் அடி.

ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் செல்லுக்குள் சக்சினேட் என்ற பொருள் தேங்குகிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மைக்கேல் மர்ஃபியின் குழுவினர் 2014-இல் இதைக் காட்டினார்கள். இரத்தம் திரும்பியதும் தேங்கிய சக்சினேட் முழுவதும் சில நிமிடங்களில் எரிகிறது. அந்த வேகத்தில் எலக்ட்ரான்கள் வந்த வழியே பின்னோக்கி ஓடி, ஆக்சிஜனைத் தாறுமாறாகப் பற்றி, தீங்கான ஆக்சிஜன் துணுக்குகளை உண்டாக்குகின்றன. கால்சியமும் வெள்ளமாக உள்ளே வருகிறது. இத்தனைக்கும் நடுவில் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு துளை திறக்கிறது. திறந்து அப்படியே நின்றுவிட்டால் மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடிக்கும், செல் முடிந்தது. அடைப்பு இருந்தவரை இந்தத் துளை ஏன் திறக்கவில்லை? அப்போது சேர்ந்திருந்த அமிலம்தான் அதை மூடி வைத்திருந்தது. இரத்தம் வந்து அமிலத்தைக் கழுவிவிட்டதும் காவல் போய்விட்டது. விலங்கு ஆய்வுகளில், இறுதியில் செத்த தசையில் பாதி வரை இந்த இரண்டாம் அடியில் விழுந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் துளையை மூடும் மருந்தைக் கொடுத்துவிடலாமே? கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் அந்தத் துளையை அடைக்கும். எலிகளில் அருமையாக வேலை செய்தது. 2015-இல் 970 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தபோது ஒரு பயனும் தெரியவில்லை. கையில் பட்டை கட்டி, இறுக்கி, தளர்த்தி, இதயத்தைப் 'பழக்கும்' முறையும் அப்படித்தான். ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் செய்த சோதனை 2019-இல் கைவிரித்தது. மைட்டோகாண்ட்ரியாவை நேரடியாகக் குறிவைத்த மாரடைப்பு மருந்து என்று நம்பிச் சொல்ல இதுவரை ஒன்றும் இல்லை. ஆய்வகத்தில் எலிக்கு அடைப்பை உண்டாக்குகிற அதே நிமிடத்தில் மருந்தும் தயாராக இருக்கிறது. சர்க்கரை நோயும், இருபது வருட பீடியும், மூன்று மணி நேரத் தாமதமும் எலிக்குக் கிடையாது.

ஆகவே மிஞ்சுவது நேரம். சீயமங்கலத்துக்கு இது வெறும் அறிவுரை இல்லை, சாலைக் கணக்கு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒரு பக்கம் திருவண்ணாமலை, இன்னொரு பக்கம் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம். வண்டி உடனே கிடைத்தாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். உடனே பலூன் வைக்கும் மேல்நாட்டு முறையை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. இதைப் புரிந்துகொண்டு கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லாசாரி ஆகிய இதய மருத்துவர்களின் முயற்சியில் தமிழ்நாட்டில் ஓர் ஏற்பாடு சோதிக்கப்பட்டது. சிறிய ஆஸ்பத்திரியிலேயே ஈசிஜி எடுத்து, உறைவைக் கரைக்கும் மருந்தைப் போட்டு, 108 வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பிறகு ஆஞ்சியோ செய்வது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஓர் ஆண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. ஆட்களையும் வண்டிகளையும் ஒழுங்குபடுத்தியதில் வந்த பலன். சைக்ளோஸ்போரின் சாதிக்காததை ஆம்புலன்ஸ் சாதித்தது என்று நான் சொன்னால் இதய ஆய்வாளர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

2023 ஜூனில் அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இன்னும் கீழே இறங்கி வந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும், நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு முதல் தவணையாக 14 மாத்திரை: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. உறைவு மேலும் வளராமல் இவை பார்த்துக்கொள்ளும். அடைத்த வழியைத் திறக்காது. மாத்திரை போட்டதும் கொஞ்சம் பரவாயில்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டால், மேலே சொன்ன அந்த அலை சத்தமில்லாமல் இதயச் சுவரின் வெளிப்புறத்தை நோக்கிப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

மாரடைப்பு ஒரு நாள் பட்டினி. இதயச் செயலிழப்பு வருடக்கணக்கான அரைவயிறு. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, படுத்தால் இருமல் என்று வருகிறவர்களின் இதயத்தில் மைட்டோகாண்ட்ரியாக்கள் அளவு சுருங்கி, மடிப்புகள் கலைந்து, பழுதானவை அகற்றப்படாமல் கிடக்கின்றன. முற்றிய நிலையில் ஏடிபி இயல்பைவிட மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறையலாம். ஏடிபிக்கு முன்பே பாஸ்போகிரியாட்டின் இறங்கிவிடும். கடன் வாங்கும் இடம் வறண்டுபோவதுதானே முதல் அறிகுறி. எம்ஆர்ஐ போன்ற ஒரு கருவியால், கத்தி வைக்காமல், உயிருள்ள இதயத்தில் இந்த இரண்டின் விகிதத்தை அளக்க முடியும். 1997-இல் ஸ்டெஃபான் நோய்பவர் என்ற ஜெர்மன் மருத்துவரின் குழு, இதயம் விரிந்து பலவீனப்பட்ட 39 பேரிடம் அதை அளந்து, பிறகு தொடர்ந்து கவனித்தது. விகிதம் 1.6-க்குக் கீழே இருந்தவர்கள் அதிகமாக இறந்தார்கள். வழக்கமாகப் பார்க்கும் 'பம்ப்பிங்' சதவீதத்தைவிடவும் இது நன்றாக முன்கூட்டிச் சொன்னது. தயங்கித் தயங்கி வந்த அந்த நீல நிறத்தின் பேரப்பிள்ளை இந்த அளவை.

அரைவயிறு ஏன் வருகிறது? ஆரோக்கியமான இதயம் கொழுப்பையும் எரிக்கும், சர்க்கரையையும் எரிக்கும், எது கிடைக்கிறதோ அதற்கு மாறிக்கொள்ளும். சர்க்கரை நோயில் இந்த மாறும் திறன் போய், கொழுப்பையே நம்பி நிற்கிறது. கொழுப்பில் ஒரே அளவு ஏடிபிக்கு ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். எரிந்து தீராத கொழுப்பின் மிச்சங்கள் உட்சவ்வைக் கெடுக்கின்றன. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வில் தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 விழுக்காடு. ஏழு பேரில் ஒருவர். உயர் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்த மாநிலத்தின் இதயங்களில் எத்தனை கோடி மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுதல் ஷிஃப்ட் பார்க்கின்றன என்று நினைத்துப் பார்க்கவே அலுப்பாக இருக்கிறது.

நம் மக்களுக்கென்று தனியே ஒரு சிக்கலும் இருக்கிறது. 2009-இல் பெருந்துறை தண்டபாணியும் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் பலநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஒரு மரபணுக் குறையை வெளியிட்டார்கள். இதயத் தசையில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விட்டுப்போயிருக்கின்றன. இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 விழுக்காடு பேரிடம் இது உண்டு. ஆயிரம் பேர் உள்ள ஊரில் நாற்பது பேர். இளமையில் ஒன்றும் தெரியாது, பிள்ளை குட்டி பெற்று முடித்த வயதில்தான் இதயத் தசை தளர்கிறது. இயற்கைத் தேர்வு இதைக் களைந்து எறியாமல் விட்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இது மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு இல்லையே, இங்கே எதற்கு என்று கேட்கலாம். இந்தப் புரதத்தின் வேலைகளில் ஒன்று, சுருங்கும் இழைகளின் ஏடிபி செலவுக்குக் கடிவாளம் போடுவது. கடிவாளம் தளர்ந்தால் அதே அளவு வேலைக்கு அதிக ஏடிபி செலவாகும். இதே வகைப் புரதங்களில் மாற்றம் உள்ளவர்களிடம், இதயம் தடிப்பதற்கு முன்பே பாஸ்போகிரியாட்டின் விகிதம் குறைந்திருப்பதை 2003-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு காட்டியது. வரவு சரியாக இருந்தும் செலவு மிஞ்சிய குடும்பத்தின் கதி. ஆனால் நான்கு விழுக்காடு என்றதும் பயந்துவிட வேண்டாம். அந்த 25 எழுத்துக் குறையோடு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்து வருபவர்களிடம்தான் ஆபத்து கூடுதல் என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அவர்கள் அந்த நான்கில் ஒரு சிறு பகுதி. குடும்பத்தில் ஐம்பதுக்கு முன் இதயம் பலவீனப்பட்டவர்கள் இருந்தால் ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது. மற்றவர்கள் பிபியைப் பார்த்துக்கொண்டாலே போதும்.

மருந்துக்கடையில் 'கோ-கியூ 10' என்று விலை கூடிய மாத்திரைப் பட்டைகள் தொங்குகின்றனவே, அவை? அது போலிச் சரக்கு இல்லை. எலக்ட்ரான்களைக் கைமாற்றிவிடும் உண்மையான மூலக்கூறு. 1957-இல் ஃபிரெடரிக் கிரேன் மாட்டு இதய மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து பிரித்தெடுத்தது. 420 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வு நல்ல முடிவைத் தந்தது. ஆனால் ஆய்வு சிறியது, அதே அளவுக்குப் பெரிதாக யாரும் திரும்பச் செய்து காட்டவில்லை. மருத்துவ வழிகாட்டு நெறிகள் அதை வழக்கமான சிகிச்சையாக ஏற்கவும் இல்லை. பிபி மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தக் காசில் இதை வாங்குவது மட்டும் முட்டாள்தனம். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு இன்னொரு பொருள் உயிர்நாடி. கார்டியோலிபின், மேரி பாங்போர்ன் 1942-இல் மாட்டு இதயத்திலிருந்து எடுத்தது. நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் அறியாமலே அதோடு ஒரு முறையாவது சம்பந்தப்பட்டிருப்பார்கள். கர்ப்ப காலத்தில் விடிஆர்எல் என்று இரத்தம் எடுத்துப் பார்ப்பார்களே, அந்தச் சோதனையில் கலப்பது கார்டியோலிபின்தான். பார்த் நோய்க்குறி என்ற அபூர்வப் பரம்பரை நோயில் இந்தக் கார்டியோலிபின் சரியாக உருவாகாமல் ஆண் குழந்தைகளின் இதயம் தளர்கிறது. கார்டியோலிபினோடு ஒட்டி நிற்கும் எலாமிபிரெட்டைடு என்ற மருந்துக்கு 2025 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. உலகில் சில நூறு பேருக்கே உள்ள நோய். இதே மருந்து சாதாரண மாரடைப்பில் சோதிக்கப்பட்டபோது கைகொடுக்கவில்லை.

சாதாரண இதயச் செயலிழப்பில் உண்மையிலேயே பலன் தந்தவற்றில் ஒன்று, சர்க்கரைக்கென்று வந்த மருந்து. டபாக்லிஃப்ளோசின், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுவது. 2019-இல் 4,744 பேரிடம் செய்த சோதனையில் சர்க்கரை நோய் இல்லாதவர்களின் இதயத்துக்கும் அது உதவியது. ஏன் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. இதயத்துக்குக் கீட்டோன் என்ற மாற்று எரிபொருள் கிடைக்கிறது என்கிறார்கள் சிலர். செல்லுக்குள் சோடியம் குறைந்து மைட்டோகாண்ட்ரியாவின் கால்சியம் சீராகிறது என்கிறார்கள் சிலர். உடலில் தேங்கிய நீர் வடிகிறது, அவ்வளவுதான் என்கிறார்கள் வேறு சிலர். 2020 அக்டோபரில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தது. பல கம்பெனிகள் தயாரிக்க, விலை சரிந்தது. இன்று தேசூரில் ஒரு மருந்துக்கடையில் சீட்டைக் காட்டினாலும் ஏதாவது ஒரு பெயரில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். சீட்டு எழுதுவதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு கிரியாட்டினின் சோதனை செய்துகொள்ள வேண்டும்.